எச்சரிப்பவரைப் பகைக்காதீர்

அல்லாஹ்வைப் போற்றி, அவனுடைய திருத்தூதர் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லி இந்த ஜும்ஆ உரையைத் தொடங்குகின்றேன்.

 

காலடியில் உள்ள தரை அசையாது என்ற நம்பிக்கையில்தான் நாம் வீடு கட்டுகின்றோம், கடை திறக்கின்றோம், பிள்ளைகளை உறங்க வைக்கின்றோம். அந்தத் தரையே ஒரு நாளில் நூறு முறை நடுங்கினால் நம் நிலை என்ன? 'இங்கே ஆபத்து இருக்கலாம்' என்று ஒருவர் முன்கூட்டியே சொன்னால், அவரை நாம் எவ்வாறு நடத்துவோம்? இக்கேள்விகளுக்கு விடை தரும் உண்மை நிகழ்வு ஒன்றைச் சொல்கின்றேன்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், மாமத் லேக்ஸ் என்றொரு சிற்றூர் இருக்கின்றது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில், மலையேரிகள் சூழ அமைந்த அழகிய ஊர். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விளையாடவும், கோடையில் மீன்பிடிக்கவும் வருகின்ற பயணிகளே அவ்வூராரின் வாழ்வாதாரம்.

அவ்வூரை ஒட்டி 32 கிலோமீட்டர் நீளமும் 17 கிலோமீட்டர் அகலமும் கொண்ட பெரும் பள்ளம் ஒன்று உண்டு. சுமார் 7,60,000 ஆண்டுகளுக்கு முன்னர் எரிமலை வெடித்து, நிலம் உள்வாங்கியதால் உண்டான பள்ளம் அது. 'லாங் வேலி' என்பது அதன் பெயர். அதன் அடியில் உள்ள வெப்பம் இன்றும் அடங்கிவிடவில்லை.

1980ஆம் ஆண்டு மே 25 முதல் 27 வரையிலான மூன்று நாட்களுக்குள், ரிக்டர் அளவில் ஏறக்குறைய 6 என்று பதிவான நான்கு நிலநடுக்கங்கள் அப்பகுதியை உலுக்கின. ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, பள்ளத்தின் நடுப்பகுதி சுமார் 25 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தது. அதன் பின்னரும் நடுக்கங்கள் அலையலையாய்த் தொடர்ந்தன.

பொதுவாக, பெரிய நிலநடுக்கம் ஒன்று ஏற்பட்டால், அதனைத் தொடர்ந்து வரும் சிறு அதிர்வுகள் நாளுக்கு நாள் குறைந்து ஓய்ந்துவிடும். சில இடங்களிலோ, தலைமையான நடுக்கம் என்று எதுவும் இல்லாமல், நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் சிறு நடுக்கங்கள் ஒரே பகுதியில் நாட்கணக்காகவும் மாதக்கணக்காகவும் நிகழும். தேனீக்கள் மொய்ப்பதைப் போன்று வருவதால் இதனை நிலநடுக்கத் திரள் என்கின்றனர். பாறைப் பிளவுகளுக்குள் வெந்நீரும் வாயுவும், சில வேளைகளில் உருகிய பாறைக் குழம்பும் புகுந்து நகர்வது இதற்கு ஒரு காரணம். பெரும்பாலான திரள்கள் தீங்கின்றி அடங்கிவிடும். சில, பெரிய ஆபத்துக்கு முன்னோடியாகும். எது எவ்வகை என்பதை அது நிகழும் வேளையில் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்நிலையில், 1982ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. எரிமலை ஆபத்துக்கு வாய்ப்பு உண்டு என்று கூறிய அது, மூன்று படிநிலைகளுள் மிகக் கீழான நிலை எச்சரிக்கைதான். ஆனால் முறையான அறிவிப்பு வருவதற்கு முன்பே செய்தி நாளிதழில் வெளியாகிவிட்டது. தங்கள் காலடி நிலத்தைப் பற்றிய செய்தியை அவ்வூர் மக்கள் பத்திரிகையின் வாயிலாகத் தெரிந்துகொள்ள நேர்ந்தது. வணிகம் மந்தமாயிற்று, வீடுகளின் விலை சரிந்தது. ஊராரின் கோபம் முழுவதும் எச்சரித்த ஆய்வாளர்கள் மீது திரும்பியது.

1983ஆம் ஆண்டு ஜனவரியில் மற்றொரு பெரும் திரள் வந்தது. ஊரிலிருந்து வெளியேறும் முக்கியச் சாலை அந்த நடுக்கப் பகுதியின் வழியாகவே சென்றது. அது துண்டிக்கப்பட்டால் மக்கள் எப்படித் தப்புவார்கள்? ஆகவே வேறொரு திசையில் புதிய சாலை போடப்பட்டது. முதலில் அதன் பெயர் 'தப்பிச் செல்லும் பாதை'. அப்பெயரைக் கேட்டால் பயணிகள் அஞ்சுவார்கள் அல்லவா! எனவே பின்னர் அது 'இயற்கைக் காட்சிச் சாலை' ஆயிற்று. பெயர் மாறியது, தேவை மாறவில்லை.

எரிமலை வெடித்ததா? இல்லை, இன்று வரை வெடிக்கவில்லை. அப்படியானால் எச்சரித்தவர்கள் பொய்யர்களா?

பொறுங்கள். 1989ஆம் ஆண்டில் அருகிலுள்ள மாமத் மலையின் அடியில் மாதக்கணக்கில் ஒரு திரள் நீடித்தது. மறுஆண்டு, ஹார்ஸ் ஷூ ஏரிக்கரையில் மரங்கள் காரணமின்றிப் பட்டுப்போகத் தொடங்கின. ஆழத்திலிருந்து கசிந்த கரியமில வாயு மண்ணை நிரப்பி, வேர்களை மூச்சுத் திணறச் செய்திருந்தது. அவ்வேரியின் அருகே, பனி மூடிய மரக்குடிலுக்குள் சென்ற வனக் காவலர் ஒருவர் அந்த வாயுவால் மூச்சடைத்து, அரும்பாடுபட்டு உயிர் தப்பினார். 2006ஆம் ஆண்டு ஏப்ரலில், அம்மலையில் வாயு வெளிப்படும் துவாரம் ஒன்றைச் சுற்றிப் பிறர் நெருங்காதபடி வேலி அமைக்கச் சென்ற பணியாளர்களுள் மூவர் உயிரிழந்தனர். அஞ்சிய வாசல் வழியே ஆபத்து வரவில்லை. வேறு வாசல் வழியே வந்தது.

சகோதரர்களே! இதனைப் பிற நாட்டார் மீது இறங்கிய இறைக்கோபம் என்று கைநீட்டிப் பேசுவதற்காக நான் சொல்லவில்லை. நம்மை நாமே பார்த்துக்கொள்ளும் கண்ணாடியாகவே சொல்கின்றேன். இதில் நமக்கு மூன்று படிப்பினைகள் உண்டு.

முதலாவது, அறிந்தவருக்கு உரியது. அறிவு ஓர் அமானிதம். வியாபாரம் கெடுமே என்று உண்மையை மறைப்பதும் மோசடி. கவனம் பெறுவதற்காக அதனைப் பெரிதாக்குவதும் மோசடி. மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அடியில் ஈரம் இருக்கக் கண்டு, நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்காத வியாபாரியைக் கண்டித்தார்கள். நிலத்தின் குறையை மறைத்து விற்பவரும், சுவரின் விரிசலைச் சுண்ணாம்பால் பூசி வாடகைக்கு விடுபவரும் இதனை எண்ணிப் பார்க்கட்டும். செய்தியை, அதனால் பாதிக்கப்படுவோருக்கு முதலில் சொல்வதும் அந்த அமானிதத்தில் அடங்கும்.

இரண்டாவது, கேட்பவருக்கு உரியது. வந்த செய்தியைத் தீர விசாரிப்பது திருமறை நமக்குக் கற்றுத்தரும் ஒழுக்கம். விசாரிப்பது வேறு, சொன்னவரைத் தூற்றுவது வேறு. 'ஆபத்து இருக்கலாம்' என்று நேர்மையாகச் சொன்னவர், ஆபத்து வராததால் பொய்யராகிவிட மாட்டார். வராமற்போனதற்கு அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துவோம். சொன்னவருக்கும் நன்றி சொல்வோம். இன்று நாம் அவரை அவமதித்தால், நாளை உண்மையான ஆபத்தைக் கண்டவரும் வாய் திறக்க அஞ்சுவார். அந்த மௌனத்திற்கு நம் பிள்ளைகள் விலை கொடுக்க நேரிடும்.

மூன்றாவது, நம் அனைவருக்கும் உரியது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பும்படி நபிகளார் (ஸல்) கற்றுத்தந்தார்கள். அவ்வூரின் இரண்டாவது சாலை, அந்த ஒட்டகத்தைக் கட்டிய கயிறு போன்றது. இன்ன நாளில் பூமி நடுங்கும் என்று எந்தக் கருவியும் சொல்வதில்லை. அந்த ஞானம் அல்லாஹ்விடமே உள்ளது. ஆனால் வெளியேறும் வழியை அமைத்து வைப்பது நம் கையில் உள்ளது.

நம் இல்லங்களிலும் சிறு நடுக்கங்கள் வருகின்றன. 'உங்கள் நெஞ்சுவலியை மருத்துவரிடம் காட்டுங்கள்' என்கிறார் மனைவி. 'இந்தக் கடன் நம்மை விழுங்கிவிடும்' என்கிறான் மகன். 'தம்பியின் நட்பு வட்டம் சரியில்லை' என்கிறாள் மகள். நாம் என்ன செய்கின்றோம்? 'அபசகுனமாகப் பேசாதே' என்று அதட்டி வாயை அடைக்கின்றோம். தப்பிச் செல்லும் பாதைக்கு அழகான பெயர் சூட்டிவிட்டு, அது எதற்காகப் போடப்பட்டது என்பதையே மறந்துவிடுகின்றோம்.

இன்று தொழுகை முடிந்து வீடு திரும்பியதும், அண்மையில் நீங்கள் அதட்டி அடக்கிய குரல் எதுவென்று நினைத்துப் பாருங்கள். அவரை அருகில் அமர்த்தி, 'அன்று சொல்ல வந்ததை இப்போது சொல்' என்று கேளுங்கள்.

யா அல்லாஹ்! உண்மையைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லும் நாவையும், அது கசந்தாலும் கேட்கும் செவியையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! நடுங்கும் நிலங்களில் வாழும் உன் அடியார்கள் அனைவரையும் பாதுகாப்பாயாக! ஆமீன்.