நாடகம் எழுதிய கை சட்டமும் எழுதிற்று
(பெரம்பலூரில் பேசியது)



1909-ல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, 1942-ல் ‘திராவிட நாடு’ ஏட்டைத் தொடங்கிக் கட்டுரை தீட்டினார், நாடகமும் எழுதினார். ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் அவர் கேட்டதென்ன? போரில் வென்ற வீரன் முடிசூடப் புரோகிதன் தயவு எதற்கு என்பதுதானே!

அதே கேள்விதான் நம் வீட்டுக் கலியாணப் பந்தலிலும். புரோகிதனில்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாதென்று 1953-ல் சென்னை ஹைகோர்ட்டு தீர்ப்புக் கூறிற்று. அப்படியானால் அத்தாய்மார்கள் யார்? அவர்தம் பிள்ளைகளுக்குச் சொத்துரிமை ஏது? 1967-ல் முதலமைச்சரான அண்ணா சட்டம் செய்தார்; முன்பு நடந்த திருமணங்களும் செல்லுபடியாயின. 1969-ல் அவர் மறைந்தார், சட்டம் மறையவில்லை.

தோழர்களே! வீட்டில் அண்ணா படம். மகள் கலியாணத்துக்குப் பஞ்சாங்கமா? இது நாணயமா? யோசித்துப் பாருங்கள்!