மாமாவோட சிட்டையும் ராஜராஜனோட பேக்கப்பும்

உத்திரமேரூர்னா எல்லாரும் குடவோலையைப் பத்தித்தான் பேசுவாங்க. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல 919லயும் 921லயும் வெட்டின பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள். எனக்கு அதைப் பார்த்தா, ஆயிரம் வருஷமா கெடாத ஸ்டோரேஜ்னுதான் தோணும். தொழில் புத்தி!

அந்த ஊர்ப் பக்கம் என் மாமா உரக்கடை வெச்சிருக்கார். பாதி வியாபாரம் கடன்தான், அறுப்பு முடிஞ்சாத்தான் காசு வரும். பழைய டெஸ்க்டாப் ஒண்ணுல கணக்கு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தது நான். தினமும் ராத்திரி பேக்கப் ஓடும். எங்கே? அதே டிஸ்க்கோட டி டிரைவுக்கு. கரண்ட் வெட்டி வெட்டி வந்த ஒரு நாள், டிஸ்க் போச்சு. கூடவே பேக்கப்பும்.

"உன் பொட்டியை நம்பி நான் எழுதாம இருப்பேனா மாப்ள?"ன்னு மாமா சிட்டையை எடுத்து நீட்டினார். நாலு ராத்திரி உக்காந்து டைப் பண்ணேன்.

மறுபடி கட்டும்போது ஒரே கேள்விதான் கேட்டேன்: "கடை சிஸ்டம் எவ்வளவு நேரம் நின்னா தாங்கும் மாமா?" அரை நாள்னார். அப்போ ஆட்டோமேட்டிக் ஃபெயில்ஓவர் எதுக்கு? என் பழைய லேப்டாப்பே ஸ்டான்ட்பை. காசை யுபிஎஸ்ஸுக்கும் பேக்கப்புக்கும் போட்டோம்: ஒரு காப்பி வீட்டு பென்டிரைவ்ல, இன்னொண்ணு என்கிரிப்ட் பண்ணி கிளவுட்ல. ரெப்ளிகா இருந்தா போதும்னு நினைக்காதீங்க. தப்பா டெலீட் பண்ணா அங்கேயும் அழிஞ்சிடும்.

இதுல பெரிய கம்பெனியும் விழுந்திருக்கு. 2017 ஜனவரி 31, கிட்லேப்ல ஒருத்தர் தவறுதலா மெயின் டேட்டாபேஸ் ஃபைல்களை அழிச்சிட்டார். தினசரி பேக்கப்போ சத்தமே இல்லாம ஃபெயில் ஆகிட்டிருந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி எடுத்த ஸ்னாப்ஷாட் ஒண்ணுதான் காப்பாத்துச்சு.

சரியா பண்ணது யாருன்னா, ராஜராஜன். திருமழபாடி கோயில் விமானத்தைப் பிரிச்சுக் கட்டணும்னு வந்தப்போ, முதல்ல சுவர்ல இருந்த கல்வெட்டுகளைப் படி எடுக்கச் சொன்னார். அதை ராஜேந்திரனோட 14ஆம் ஆட்சியாண்டுல புதுச் சுவர்ல திரும்ப வெட்டினாங்க. பேக்கப், மைக்ரேஷன், ரீஸ்டோர்!

நானும் இப்போ மாசாமாசம் முதல் ஞாயிறு லேப்டாப்ல ரீஸ்டோர் பண்ணிப் பார்க்கிறேன். முதல் தடவையே ஃபெயில். என்கிரிப்ஷன் பாஸ்வேர்ட் கடை கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருந்தது.

இப்போ அதை மாமா சிட்டையோட கடைசிப் பக்கத்துல எழுதி வெச்சிருக்கார். செக்யூரிட்டி ஆளுங்க மன்னிக்கணும்.