“உங்களுக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா?”

(தோட்ட இளைஞர், யுவதிகளுக்கான தொழில் வழிகாட்டல் கூட்டத்தில் நமது சங்கத்தின் கல்விப் பிரிவு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சாதாரண தரம், உயர்தரம் எழுதிவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். கொழும்பில் கடை, ஹோட்டல், ஆடைத் தொழிற்சாலை, அலுவலகம் என்று நேர்முகத் தேர்வுக்குப் போகிறீர்கள். என்ன உடுத்துவது, எப்படிப் பதில் சொல்வது என்று உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். கடைசி இரண்டு நிமிடத்தைப் பற்றி மட்டும் யாரும் சொல்வதில்லை. அதைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

எல்லாம் கேட்டு முடித்த பிறகு அந்தச் சேர் அல்லது மேடம், “உங்களுக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா?” என்று கேட்பார். நம் பிள்ளைகளில் பலர் “இல்லை சேர்” என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிறார்கள். அது மரியாதை என்று நினைக்கிறார்கள். கேள்வி கேட்டால் கிடைக்கிற வேலையும் போய்விடும் என்று பயப்படுகிறார்கள்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். பிரட்டுக்களத்தில் இன்ன மலைக்குப் போ என்றால் போக வேண்டும். ஏன் என்று கேட்டவனுக்குப் பேர் விழாது. அப்படித்தான் நம் பாட்டன்மார் வாழ்ந்தார்கள். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடக்கும் என்று ஆசை காட்டி அழைத்து வந்த கதையை நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வாய்ச்சொல்லை நம்பிப் புறப்பட்ட சமூகம் நாம். இன்றும் “கொழும்பில் நல்ல கடை, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இருக்கு” என்று ஒருவர் வந்து சொன்னால் அடுத்த பஸ்ஸில் பிள்ளையை ஏற்றிவிடுகிறோம். இரண்டு மாதம் கழித்து பாதிச் சம்பளத்தோடு பிள்ளை திரும்பி வருகிறது.

ஆனால் அதே தோட்டத்தில் நம் அம்மாமார் தராசடியில் நின்று, “தண்ணிக்கு எத்தனை கிலோ கழிச்சீங்க? சாக்குக்கு எத்தனை?” என்று கேட்கப் பழகியிருக்கிறார்கள். அவர்கள் தனியாகக் கேட்கவில்லை. பின்னால் தலைவர் இருந்தார், சங்கம் இருந்தது. நேர்முகத் தேர்வு அறைக்குள் சங்கம் வராது. அந்த இரண்டு நிமிடமும் உனக்கு நீதான் தலைவர். அங்கே கேட்க ஆறு கேள்விகளைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி வேலையைப் பற்றியது. “சேர், நான் ஒரு நாளில் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும்? யாருக்குக் கீழே வேலை செய்வேன்?” இதை முதலில் கேளுங்கள். வேலையில் அக்கறை உள்ள பிள்ளை என்று அவர் நினைப்பார். உங்களுக்கும் உண்மை தெரியும். ஹோட்டலில் வரவேற்பு மேசை என்று அழைத்து, கோப்பை கழுவ விடுவது நடக்கிற விஷயம். கோப்பை கழுவுவது கேவலமான வேலை இல்லை. சொன்னது ஒன்று, செய்ய வைப்பது வேறொன்று என்பதுதான் பிழை.

இரண்டாவது, நேரம். “எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும்? ஓவர்டைம் எப்படிக் கணக்கிடுவீர்கள்?” கடையிலும் அலுவலகத்திலும் வேலை செய்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சாப்பாட்டு நேரம் நீங்கலாக நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் செய்தால் மணித்தியாலத்துக்கு ஒன்றரை மடங்கு. “இங்கே ஓவர்டைம் என்று தனியாகக் கிடையாது, எல்லாம் சம்பளத்துக்குள்ளே” என்று சொன்னால் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்று திருப்பிக் கேளுங்கள். யுவதிகள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: இரவில் வேலை முடிந்தால் தங்குமிடத்துக்கு எப்படிப் போவது, அங்கே யார் பொறுப்பு?

மூன்றாவது, சம்பளம். “மாதம் நாற்பதாயிரம்” என்று சொல்வார்கள். அதோடு தலையாட்டிவிட்டு வரக் கூடாது. “அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? சாப்பாடு, தங்குமிடம், சீருடைக்கு ஏதும் வெட்டுவீர்களா? எத்தனையாம் திகதி சம்பளம்?” இந்த மூன்றையும் கேளுங்கள். கையில் எவ்வளவு வரும் என்பது அப்போதுதான் தெரியும்.

நான்காவது, கடிதம். “நியமனக் கடிதம் எப்போது கிடைக்கும்?” கடை, அலுவலக ஊழியரின் பதவி, சம்பளம், வேலை நிபந்தனைகள் ஆகியவற்றை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்ன அதே சட்டம் சொல்கிறது. சம்பளம் வராமல் தொழில் திணைக்களத்துக்குப் போனால் அதிகாரி முதலில் கேட்பது, “அங்கே வேலை செய்ததற்கு என்ன ஆதாரம்?” என்றுதான். கடிதம் இருந்தால் முறைப்பாடு எழுதுவது சுலபம். இல்லாதவன் சாட்சி தேடி அலைய வேண்டும்.

ஐந்தாவது, சேமலாப நிதி. “ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். முதல் மாதத்திலிருந்தே உண்டா?” நமக்கு இது புதிதில்லை. தோட்டத்தில் அப்பா, அம்மா ஓய்வு பெறும்போது கையில் வருவது இந்தக் காசுதான். நம் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுவார்கள், முதலாளி 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். அதற்கு நம்மிடம் ஒரு சதமும் வெட்டக் கூடாது. நாற்பதாயிரம் ரூபாய் சம்பளத்துக்கு முதலாளி போட வேண்டியது மாதம் 4,800 ரூபாயும் 1,200 ரூபாயும், மொத்தம் 6,000 ரூபாய். இரண்டு வருடம் போடாமல் விட்டால் 144,000 ரூபாய் உங்களுடையது போய்விடுகிறது. “தகுதிகாண் காலம் முடியட்டும், பார்ப்போம்” என்பது பலர் சொல்கிற பதில். சட்டத்தில் அப்படி விதிவிலக்கு இல்லை. முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு.

ஆறாவது, முன்னேற்றம். “ஆறு மாதத்தில் நான் எதைக் கற்றுக்கொண்டால் அடுத்த படிக்குப் போகலாம்?” இதைக் கேட்கிற பிள்ளையை அவர்கள் மறக்க மாட்டார்கள். பதிலும் முக்கியம். “இங்கே ஐந்து வருடமாக எல்லோரும் இதே வேலைதான்” என்றால் அந்த இடத்தை உங்கள் கடைசி இடமாக நினைக்காதீர்கள். கூடவே, “முடிவு எப்போது தெரியும்?” என்றும் கேட்டுவிட்டு வாருங்கள். வராத தொலைபேசி அழைப்புக்காக ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி, எப்படிக் கேட்பது? ஆறையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். அவர்கள் தாமாகவே சொன்னதை மறுபடி கேட்காதீர்கள். மிச்சம் உள்ளதில் முக்கியமானதைக் கேளுங்கள். வேலையைப் பற்றி முதலில், காசைப் பற்றிப் பிறகு. சின்னத் தாளில் எழுதிக்கொண்டு போய்ப் பார்த்துக் கேட்டாலும் தப்பில்லை. குரலை உயர்த்தவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். சிங்களத்தில் பேச வேண்டி வந்தால் இரண்டு வசனத்தை இன்றே பாடமாக்குங்கள். “மட்டத் பிரஷ்ன தெக்கக் அஹன்ன புளுவந்த?” எனக்கும் இரண்டு கேள்வி கேட்கலாமா என்று அர்த்தம். “பத்வீம் லிபிய லெபென்னே கவதாத?” நியமனக் கடிதம் எப்போது கிடைக்கும் என்று அர்த்தம். வீட்டில் தங்கச்சியை முதலாளியாக உட்கார வைத்துச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பு வரும், பயம் போகும்.

பதிலை எப்படி எடுத்துக்கொள்வது? ஒழுங்கான இடத்தில் இந்தக் கேள்விகளுக்கு ஒரு நிமிடத்தில் பதில் வரும். சிலர் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள். அதுவும் நல்ல பதில்தான். “இப்பவே இவ்வளவு கேள்வியா?” என்று முகம் சுளித்தால், சம்பளம் பிந்தும் நாளில் அவர் எப்படிப் பேசுவார் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வோம் என்று சொன்னால் கொடுக்காதீர்கள். காட்டலாம், பிரதி கொடுக்கலாம். மூல அட்டை உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். 1948இல் பறிபோன பிரஜாவுரிமைப் பிரச்சினை சட்டத்தில் தீர 2003 வரை ஆனது. அந்த அட்டையின் பெறுமதி நமக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

வீட்டில் கஷ்டம், எந்த வேலையானாலும் போயாக வேண்டும் என்ற நிலை சிலருக்கு இருக்கும். அதை நான் அறிவேன். பதில் திருப்தியாக இல்லை என்று வேலையை உதறிவிட்டு வா என்று நான் சொல்லவில்லை. போவதானாலும் தெரிந்துகொண்டு போங்கள். போன நாளிலிருந்து வந்த நேரம், முடிந்த நேரம், வாங்கிய காசு மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். தோட்டத்தில் செக்ரோல் துரையிடம் இருக்கிறது. இந்தச் செக்ரோல் உங்களிடம் இருக்கட்டும். பிரச்சினை வந்தால் அந்தக் கொப்பியோடு பக்கத்துத் தொழில் அலுவலகத்துக்குப் போகலாம், நமது சங்கக் காரியாலயத்துக்கும் வரலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வந்ததும் “வேலை கிடைச்சதா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “நீ என்ன கேட்டாய், அவங்க என்ன சொன்னாங்க?” என்றும் கேளுங்கள். வீட்டில் கேள்வி கேட்க விட்ட பிள்ளைதான் வெளியில் போய்க் கேட்கும்.

கூட்டம் முடிந்ததும் யாரும் கிளம்ப வேண்டாம். இரண்டு இரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் முதலாளி, ஒருவர் வேலை கேட்டு வந்தவர். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவோம்.