ஒப்புக்குச் சப்பாணி அல்ல

(வானொலி அருளுரை: டிசம்பர் 3, புனித பிரான்சிஸ் சவேரியார் திருவிழா)



இன்று நாம் இரண்டு நினைவுகளைச் சேர்த்துக் கொண்டாடுகிறோம். 1552-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், சீனக் கரையோரத் தீவு ஒன்றில், புனித பிரான்சிஸ் சவேரியார் இறைவனடி சேர்ந்தார். 1992-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை இதே டிசம்பர் 3-ஆம் நாளை உலக மாற்றுத்திறனாளிகள் நாளாக அறிவித்தது. யாரும் திட்டமிட்டு இந்த இரண்டையும் சேர்த்து வைக்கவில்லை. ஆனாலும் சேர்ந்து வந்திருக்கிற இந்த நாள் நமக்கு ஒரு பாடம் சொல்கிறது.

சவேரியார் என்றதும் நம் நினைவுக்கு வருவது அவர் கையிலிருந்த மணி. தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி மறைக்கல்வி கற்றுக்கொடுத்தவர் அவர். ஆனால் முத்துக்குளித்துறையில் அவர் செய்த இன்னொரு காரியத்தை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. நோயில் கிடப்பவர்களின் வீடுகளுக்கெல்லாம் தம்மால் போக முடியாதபோது, செபம் கற்ற சிறுவர்களை அந்த வீடுகளுக்கு அனுப்பினார். இதை அவரே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். மணியோசை கேட்டு ஓடி வரக்கூடிய பிள்ளைகளுக்கு மணி போதும். வர முடியாதவர்களை அவர் கணக்கிலிருந்து விட்டுவிடவில்லை. அவர்கள் இருக்கும் இடத்துக்கே பிள்ளைகள் போனார்கள்.

அன்பார்ந்தவர்களே, இன்று பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். “திருவருகைக் காலத்தில் விளையாட்டைப் பற்றிப் பேச்சா?” என்று சிலர் கேட்கலாம். இறைவாக்கினர் செக்கரியா நூலின் எட்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இடிந்து கிடந்த எருசலேமை ஆண்டவர் மீட்கும் நாள் எப்படி இருக்கும் என்று அவர் சொல்கிறார். கோட்டை எவ்வளவு உயரம், கருவூலத்தில் எவ்வளவு பொன் என்பதை அவர் அடையாளமாகச் சொல்லவில்லை. கையில் ஊன்றுகோலோடு கிழவர்களும் கிழவிகளும் தெருவோரம் அமர்ந்திருப்பார்கள், நகரின் தெருக்கள் விளையாடும் சிறுவர் சிறுமியரால் நிறைந்திருக்கும் என்கிறார். பிள்ளைகள் அச்சமின்றி விளையாடுவதே ஆண்டவர் அந்த ஊரில் குடியிருக்கிறார் என்பதற்கு அடையாளம்.

நம் தெருக்களைப் பார்ப்போம். போடிநாயக்கனூரிலும் மலைச்சரிவு ஊர்களிலும் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. தாய்மார் தூக்குச்சட்டியோடு போடிமெட்டு ஏறி, எல்லை தாண்டி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. வீட்டில் நடக்க முடியாத ஒரு பிள்ளை இருந்தால், பெருமூளை வாதம் வந்த பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையின் பகல் முழுவதும் வாசற்படியில்தான். துணைக்குப் பாட்டி இருப்பார். எதிரே மற்ற பிள்ளைகள் ஓடுவார்கள், கத்துவார்கள், சண்டை போடுவார்கள். இந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். சாப்பாடு கிடைக்கிறது, மருந்து கிடைக்கிறது, மாத உதவித்தொகைகூடக் கிடைக்கலாம். விளையாட்டு மட்டும் கிடைப்பதில்லை. நாமும் அதை ஒரு குறையாக நினைப்பதில்லை.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள். அவர்களில் பிள்ளைகளும் உண்டு. நம் ஊர்ப் பூங்காவில் அப்படி எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம்? “அப்படிப் பிள்ளைகள் யாரும் இங்கே வருவதில்லையே சாமி, யாருக்காகச் செலவு செய்வது?” என்று கேட்பவர்கள் உண்டு. ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டும் முன், எத்தனை பேர் நீந்திப் போகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தா பாலம் கட்டுகிறோம்? வழி இல்லாததால்தான் அவர்கள் வருவதில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளின் பேச்சில் ஒரு சொல் உண்டு: ‘ஒப்புக்குச் சப்பாணி’. ஆட்டத்தில் மிகச் சிறிய பிள்ளையைச் சும்மா சேர்த்துக்கொள்வார்கள். அது பிடிபட்டாலும் அவுட் இல்லை, தொட்டாலும் கணக்கில்லை. அழாமல் இருப்பதற்காக ஓர் இடம், அவ்வளவுதான். சப்பாணி என்றால் கால் ஊனமுற்றவர் என்பதே பழைய பொருள். ஆட்டத்தில் இருந்தும் ஆட்டத்தில் இல்லாதவரைச் சொல்வதற்கு நம் மொழி அந்த மனிதரைத்தான் தேடிப் பிடித்திருக்கிறது. இது நம்மைச் சுட வேண்டும்.

ஏனென்றால் பெரியவர்களாகிய நாமும் இதையேதான் செய்கிறோம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பங்கில் விளையாட்டுப் போட்டி நடத்துகிறோம். எல்லாப் பிள்ளைகளும் ஓடி முடித்தபின், சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டு ஓர் ஆறுதல் பரிசு கொடுக்கிறோம். எல்லாரும் கை தட்டுகிறோம். அந்தப் பிள்ளை எந்த ஆட்டத்தில் விளையாடியது? ஏலக்காயை எட்டு மில்லி, ஏழு மில்லி என்று சலித்துத் தரம் பிரிக்கலாம், அது வியாபாரம். பிள்ளைகளைச் சலிக்கும் சல்லடையை ஆண்டவர் யார் கையிலும் கொடுக்கவில்லை.

இந்தத் திருவருகைக் காலத்தில் திருமுழுக்கு யோவானின் குரலைக் கேட்கிறோம். எசாயாவின் வாக்கை எடுத்து அவர் முழங்குகிறார்: ஆண்டவருக்குப் பாதையைச் சீர்ப்படுத்துங்கள், பள்ளம் நிரவப்படும், மலையும் குன்றும் தாழ்த்தப்படும். மலையடிவாரத்தில் வாழும் நமக்கு இந்த வாக்கை யாரும் விளக்கத் தேவையில்லை. போடிமெட்டுச் சாலை ஏன் வளைந்து வளைந்து ஏறுகிறது? செங்குத்தாகப் போட்டால் ஜீப் ஏறாது, மூட்டை இறங்காது. ஏலக்காய்க்காக மலையைச் சுற்றிச் சாலை போட்ட நமக்கு, ஒரு பிள்ளைக்காக மூன்று படிக்குச் சாய்தளம் போடுவது பெரிய காரியமா?

அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஓர் அடி உயரம் ஏற வேண்டுமானால் சாய்தளம் 12 அடி நீளமாவது இருக்க வேண்டும். ஆறு அங்குலப் படி மூன்று என்றால், உயரம் ஒன்றரை அடி, சாய்தளம் 18 அடி. படிமேல் இரண்டு பலகையைச் சாய்த்துவைத்தால் அது சாய்தளம் ஆகாது, சறுக்குமரம்தான் ஆகும்.

‘எல்லாப் பிள்ளைகளுக்கும் பூங்கா’ என்பது ஏதோ வெளிநாட்டுக் கதை என்று எண்ண வேண்டாம். பெங்களூருவில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர் முன்னின்று தொடங்கிய ‘கிலிகிலி’ என்ற அமைப்பு, மாநகராட்சியோடு சேர்ந்து கோல்ஸ் பூங்கா முதலான இடங்களில் இதைச் செய்து காட்டியது. நம் சென்னையில், புனித தோமாவின் பெயரைத் தாங்கிய சாந்தோமிலேயே, மாநகராட்சி இப்படி ஒரு பூங்காவை அமைத்திருக்கிறது. 2023 ஜூன் முதல் போடியிலிருந்து சென்னைக்கு ரயில் ஓடுகிறது. சாந்தோம் பேராலயத்துக்குத் திருப்பயணம் போகும் குடும்பங்கள் அந்தப் பூங்காவையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

இத்தகைய பூங்காவில் என்ன இருக்கும்? சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் வாசல் இருக்கும். சக்கரம் புதையாத கெட்டியான பாதை இருக்கும். முதுகுக்குச் சாய்மானமும் இடுப்புக்கு வாரும் உள்ள ஊஞ்சல் இருக்கும். நாற்காலியில் இருந்தபடியே கை அளைந்து விளையாட, உயரமான தொட்டியில் மணல் இருக்கும். பார்வையில்லாத பிள்ளை தொட்டும் தட்டியும் மகிழ, ஓசை எழுப்பும் பொருள்கள் இருக்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சத்தம் தாங்காமல் போகும்போது ஒதுங்கி உட்கார ஓர் அமைதியான மூலையும், சாலைக்கு ஓடிவிடாதபடி வேலியும் இருக்கும். கூட வரும் பாட்டிக்கு நிழலும் திண்ணையும் இருக்கும். செக்கரியா சொன்ன ஊன்றுகோல் கிழவியை மறந்துவிடக் கூடாது.

மிக முக்கியமானது, இவையெல்லாம் தனிக் கூண்டுக்குள் இருக்கக் கூடாது. மாற்றுத்திறனாளி ஊஞ்சலை ஒரு மூலையில் பூட்டிவைத்தால் அங்கேயும் அந்தப் பிள்ளை ஒப்புக்குச் சப்பாணிதான். அண்ணன் ஆடும் ஊஞ்சலுக்குப் பக்கத்திலேயே தங்கையின் ஊஞ்சலும் ஆட வேண்டும்.

மெரினா கடற்கரையிலும் ஒரு பாடம் இருக்கிறது. முன்பெல்லாம் மாற்றுத்திறனாளிகள் நாளை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் மணலில் தற்காலிகப் பாதை போடுவார்கள். அந்தச் சில நாட்கள்தான் கடல். மாற்றுத்திறனாளிகள் தொடர்ந்து கேட்டார்கள். 2022 நவம்பர் 27-ஆம் நாள் 263 மீட்டர் நீள நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. இரண்டு வாரம் ஆகவில்லை, மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது. மறுபடியும் சீரமைத்தார்கள். திறப்பு விழாவோடு கடமை முடிவதில்லை. ஒரு முறை போட்ட பாதையைத் திரும்பத் திரும்பச் செப்பனிடுவதும் அன்பின் வேலைதான்.

சட்டமும் இதைக் கேட்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் எளிதில் அணுகக்கூடியதாகப் பொதுக் கட்டடங்கள் இருக்க வேண்டும் என்கிறது. எவையெல்லாம் பொதுக் கட்டடம்? பள்ளி, பொழுதுபோக்கு இடம், அவற்றோடு வழிபாட்டு இடமும். ஏற்கெனவே உள்ளவற்றை மாற்ற, 2017 ஜூனில் வந்த விதிகளிலிருந்து ஐந்து ஆண்டு கெடு. அந்தக் கெடு 2022-இலேயே முடிந்துவிட்டது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே நகராட்சியைக் கேள்வி கேட்கும் முன், நம் ஆலய வாசற்படியைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம்.

மலைமேல் இருக்கும் சிற்றூர்களில் பூங்காவே இல்லை, சமதளமே அரிது. அங்கே பிள்ளைகள் விளையாடும் இடம் பெரும்பாலும் காப்பி, மிளகு காயப்போடும் சிமென்ட் களம்தான். காய் காயாத நாட்களில் அது வெறுமையாகக் கிடக்கிறது. சக்கரம் உருள அதைவிட நல்ல தரை வேண்டியதில்லை. அந்தக் களத்துக்கு ஏற ஒரு சாய்தளம், விளிம்பில் ஒரு கைப்பிடிச் சுவர், இவ்வளவு இருந்தாலே அது எல்லாப் பிள்ளைகளுக்கும் மைதானம் ஆகிவிடும்.

அன்பார்ந்தவர்களே, கிறிஸ்து பிறப்புக்கு முன் மூன்று காரியங்களைச் செய்யலாம்.

முதலாவது, ஒவ்வோர் அன்பியமும் தன் பகுதியில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளைகள் யார் என்று தெரிந்துகொள்ளட்டும். மறைக்கல்விப் பிள்ளைகள் அந்த வீடுகளுக்குப் போகட்டும். இரக்கப்படப் போக வேண்டாம், விளையாடப் போகட்டும். பல்லாங்குழியைப் பார்வையில்லாத பிள்ளையும் விரலால் எண்ணி ஆடலாம். தாயமும் கிச்சுக்கிச்சுத் தாம்பாளமும் உட்கார்ந்தபடி ஆடுவதுதானே! கண்ணாமூச்சியில் எல்லாருமே முறைவைத்துக் கண்ணைக் கட்டிக்கொள்கிறோம். நம் முன்னோர் ஆட்டங்களிலேயே பாதிக் கதவு திறந்துதான் இருக்கிறது.

இரண்டாவது, பங்குப் பேரவை ஆலய வளாகத்தையும் பள்ளி மைதானத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்க்கட்டும். போகும்போது ஒரு மாற்றுத்திறனாளியையும் அவருடைய தாயையும் கூட அழைத்துச் செல்லுங்கள். எந்த இடத்தில் சக்கரம் நிற்கிறது என்று அவர்களே காட்டுவார்கள். விழாப் பந்தலுக்கும் மின்விளக்குக்கும் ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதி சாய்தளத்துக்குப் போகட்டும்.

மூன்றாவது, நகரில் உள்ளவர்கள் வார்டு உறுப்பினரிடமும் நகராட்சியிடமும் எழுத்தில் மனு கொடுங்கள். ஊராட்சிகளில் வரும் ஜனவரி 26-ஆம் நாள் கிராம சபை கூடும். அங்கே எழுந்து கேளுங்கள். பூங்கா புதுப்பிக்கும்போதே கேட்டால் செலவு குறைவு. கட்டி முடித்தபின் கேட்டால் இடிக்க வேண்டியிருக்கும்.

வாசற்படியில் இருக்கும் பிள்ளைக்கு நாளைக்கே கால் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கும் ஆட்டத்தில் ஒரு முறை வர வேண்டும். தொட்டால் கணக்கு, பிடிபட்டால் அவுட். தோற்று அழவும் அதற்கு உரிமை வேண்டும். சேர்த்துக்கொள்வது என்றால் அதுதான்.

செபிப்போமாக: குழந்தையாக எங்களிடையே வந்த ஆண்டவரே, எங்கள் ஊரின் தெருக்களைப் பிள்ளைகளின் விளையாட்டால் நிரப்பும். எந்தப் பிள்ளையும் வெளியே நின்று பார்த்துக்கொண்டிராதபடி, எங்கள் மனத்திலும் மைதானத்திலும் உள்ள மேடுகளைத் தாழ்த்தும், பள்ளங்களை நிரவும். புனித சவேரியாரைப்போல, வர முடியாதவர்களைத் தேடிப்போகும் கால்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.