ஔவை என்றொரு குழந்தை

(‘குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பொருளையா, ஓசையையா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘பொருளையே’ என்ற அணியில் பேசியது.)

அழகாகவே பேசி, ஆனால் தப்பான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். பலத்த கைதட்டலை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். என்ன கேள்வி? “பொருள் பொருள் என்று முழங்குகிறீர்களே, தமிழில் ஔவையைவிடப் பெரிய பேர் உண்டா? உங்கள் அணியில் எந்த அம்மாவாவது தன் பெண் குழந்தைக்கு ஔவை என்று பேர் வைப்பாரா? மாட்டார். ஏன்? ஓசை சரியில்லை!” எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். கேள்வி நல்ல கேள்வி. அவர் சொன்ன காரணம்தான் தப்பு.

ஓசையில் என்னங்க குறை? பல் முளைக்காத குழந்தை உதட்டைக் குவித்து ‘அவ்வ... அவ்வ...’ என்கிறது. தன் பேரைத் தானே சொல்லிக்கொள்ளக்கூடிய குழந்தை உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். (சிரிப்பு) இன்றைக்கு வைக்கிற சில பேரைச் சொல்ல, பல் டாக்டரிடம் போய்வந்த பெரியவர்களாலேயே முடியவில்லை. ஐயா, அந்தப் பேர் அருகிப்போனது அதன் பொருளால். ‘கிழவி’ என்ற ஒரே பொருளை அதன்மேல் ஒட்டிவைத்துவிட்டோம். அதனால்தான் தொட்டில் பக்கம் வரவிடுவதில்லை. பொருளுக்குப் பயந்து ஒரு பேரை ஒதுக்குகிறோம் என்றால், எதிரணித் தலைவர் என் கட்சிக்கு அல்லவா சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்! (கைதட்டல்)

தமிழ்நாட்டில் இந்தப் பேரை அறியாதவர் இல்லை. ‘ஔ’ என்று ஓர் எழுத்து இருக்கிறதே, அதற்குப் பாடப்புத்தகத்தில் வேலை கொடுப்பதே இந்த அம்மாதான். இவரை விட்டால் ஔடதம். மருந்து! அவ்வளவு புகழ். ஆனால் பேரைத் தாங்கி நடந்தவர்கள் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். புறநானூற்றுக்கு உரை கண்ட ஔவை சு. துரைசாமிப் பிள்ளை. திண்டிவனம் பக்கத்து ஔவையார்குப்பம் அவர் பிறந்த ஊர். ஊரைப் பேரோடு சேர்த்துக்கொண்டார். அவர் மகனார், தமிழ்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஔவை நடராசன். அப்புறம் நாடக மேதை ஔவை தி.க. சண்முகம். மேடையில் ஔவையாராகவே வாழ்ந்து பேரை வாங்கியவர். அவரை நினைவூட்டித்தான் 1996-இல் ‘அவ்வை சண்முகி’ என்று ஒரு படம் வந்தது. அதில் மடிசார் கட்டி வந்தவர் யார்? அவரும் ஆண்பிள்ளை! (சிரிப்பு) ஒரு பெண்ணின் பேரை இத்தனை ஆண்கள் பெருமையோடு சுமந்திருக்கிறார்கள். பெண் குழந்தைக்கு மட்டும் கொடுக்க மனசு வரவில்லை.

சரி, பொருளுக்கு வருவோம். ஔவை, அவ்வை, இரண்டும் ஒன்றே. இலக்கணத்தில் ‘போலி’ என்போமே, அது. (எழுதும்போது கவனம் வேண்டும். சின்ன ‘ள’வைப் பெரிதாக்கி ‘ஒளவை’ என்று அச்சடித்து, வருகைப் பதிவேட்டில் ‘ஒ-ள-வை’ என்று கூப்பிடுகிற வாத்தியார்களும் இருக்கிறார்கள்!) அதன் அடிப்பொருள் தாய். கன்னடத்தில் இன்றும் அம்மாவை ‘அவ்வ’ என்பார்கள். தெலுங்கில் ‘அவ்வ’ என்றால் பாட்டி. சிலப்பதிகாரத்தில் தாய் என்ற பொருளில் வருகிறது. சமணப் பெண் துறவியரையும் அப்படி அழைத்திருக்கிறார்கள். ஆக, தாய், மூத்தவள், துறவி. மூன்றும் மரியாதைப் பேர்.

உடனே எதிரணி அம்மா எழுந்து, “பார்த்தீர்களா, மூத்தவள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே, அதை எப்படிப் பச்சைக் குழந்தைக்கு வைப்பது?” என்று கேட்கப் போகிறார். கேளுங்கம்மா. உங்கள் வீட்டு இரண்டு வயசுப் பேத்தியை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? “வாம்மா... என்னம்மா வேணும் உனக்கு?” கொங்கு நாட்டில் ‘அம்மணி’ என்பார்கள். மதுரைப் பக்கம் ‘ஏ, ஆத்தா’, ‘வாடி தாயி’ என்பார்கள். பால் குடிக்கிற பிள்ளையைத் தாயே என்று அழைக்கிற ஜாதி நாம். எண்பது வயசுப் பாட்டிக்குப் பேர் என்ன? சின்னப்பொண்ணு! குழந்தையம்மாள்! (பலத்த சிரிப்பு) பாட்டி பேர் சின்னப்பொண்ணு என்றால் சிரிக்காதவர்கள், குழந்தை பேர் ஔவை என்றால் மட்டும் ஏன் சிரிக்கிறீர்கள்?

இன்னொன்று. அந்தச் சங்ககால ஔவை கிழவியே இல்லை. புறநானூறு 89-ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். பகையரசன் ஒருவன் அவரைப் பார்த்துக் கேட்கிறான், உங்கள் நாட்டில் சண்டை போட ஆள் இருக்கிறதா என்று. எப்படி விளித்துக் கேட்கிறான்? மை தீட்டிய கண்ணும் ஒளி வீசும் நெற்றியும் உடைய விறலியே என்று. விறலி என்றால் ஆடிப் பாடும் கலைஞர். இடுப்பிலே நகை, கண்ணிலே மை. கூன் எங்கே? கோல் எங்கே? அந்தப் பெண்தான் தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டிப் பெருமையடிக்கிறான். இவர் சிரித்துக்கொண்டே, “உன் வேல்கள் நெய் பூசி மாலை போட்டுப் பளபளவென்று இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன” என்கிறார். பாராட்டா, அடியா? அவன் ராத்திரி முழுக்க யோசித்திருப்பான்! (கைதட்டல்) அதியமான் பரிசு தரத் தாமதித்தபோது வாயிற்காவலனிடமே சீறினார்: எந்தப் பக்கம் போனாலும் எங்கள் கலைக்குச் சோறு உண்டு, நாங்கள் கிளம்புகிறோம் என்று. 59 சங்கப் பாட்டு அவருடையவை. புறநானூற்றில் மட்டும் 33. காதல் பாட்டும் எழுதியிருக்கிறார்.

ஆத்திசூடி பாடியவர் பல நூற்றாண்டுக்குப் பிந்திய வேறோர் ஔவை. நாம் எல்லாரையும் சேர்த்து ஒரே பாட்டியாகப் பிசைந்துவிட்டோம். கல்யாணம் வேண்டாம் என்று பிள்ளையாரை வேண்டி இளமையைத் துறந்தார் என்று ஒரு கதை. 1953-இல் ஜெமினியின் ‘ஔவையார்’ வந்தபோது கே.பி. சுந்தராம்பாள் அம்மாவுக்கு வயது 44தான். நம் தலைமுறை மனசில் முதிய கோலமே நின்றுவிட்டது. 1968-இல் மெரினாவில் வைத்த சிலையும் அதே கோலம். நான் ஒரு பெண், வாத்தியார், முப்பது வருஷமாக மேடையில் பேசுகிறவள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், நடுவர் கோபிக்கக் கூடாது. அரசனுக்குப் புத்தி சொல்கிற பெண் இளம்பெண்ணாக இருந்தால் நமக்குத் தாங்கவில்லை. தலையை நரைக்க வைத்து, கையில் கோலைக் கொடுத்து, ‘பாட்டி’ ஆக்கினால்தான் கேட்டுக்கொள்கிறோம். (நீண்ட கைதட்டல்)

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் போன வருஷம் மனைவியோடு வந்தார். பெண் குழந்தை, கார்த்திகை முதல் பாதம். “அம்மா, ‘அ’னாவில் ஒரு பேர் வேணும். யாருக்கும் இல்லாத பேரா, நல்ல தமிழ்ப் பேரா.” நான் அவ்வை என்றேன். அவர், “அருமையான பேரும்மா... என் தங்கச்சி உண்டாகியிருக்கா, அவகிட்ட சொல்றேன்” என்றார்! (சிரிப்பு) ஆனால் அந்தப் பெண் சிரிக்கவில்லை. மெதுவாகக் கேட்டாள்: “பள்ளிக்கூடத்துல ‘பாட்டி, பாட்டி’ன்னு கூப்பிட்டு என் பிள்ளையை அழ வெச்சிருவாங்களே மேடம்?” இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். பெற்றவள் பயம் அது. புறநானூற்றை எடுத்து நான் இங்கே சொன்ன பாட்டையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். சான்றிதழில் வேறு பேர்தான். வீட்டில் கூப்பிடுவது அவ்வை என்று கேள்வி. புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை.

வைத்தவர்களும் இருக்கிறார்கள். ஈழத்துக் கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தி ஒரு மகனுக்குச் சேரன் என்றும், ஒரு மகளுக்கு ஔவை என்றும் பேர் வைத்தார். இருவரும் கவிஞர் ஆனார்கள். ஔவையின் ‘எல்லை கடத்தல்’ என்ற தொகுப்பு 2000-இல் வந்தது. அந்தப் பேரோடு பள்ளிக்கூடம் போய், வளர்ந்து, எழுதி, அதே பேரில் புத்தகம் போட்டிருக்கிறார். வெள்ளிக் கோளில்கூட ஒரு பெரும்பள்ளத்துக்கு இவர் பேர்தான். அகலம் சுமார் 20 கிலோமீட்டர். அந்தக் கோளின் பெரிய பள்ளங்களுக்குப் புகழ்பெற்ற பெண்களின் பேரையே வைக்க வேண்டும் என்பது விதி. அங்கே யாரும் ‘பாட்டி’ என்று கேலி செய்யவில்லை, ஐயா.

எங்கள் நாஞ்சில் நாட்டில் செவ்வாய்க்கிழமை ராத்திரி ஔவை நோன்பு உண்டு. பச்சரிசி மாவில் உப்பில்லாத கொழுக்கட்டை. ஆண் வாடையே கூடாது, கைப்பிள்ளையானாலும் வெளியே. உள்ளே என்ன பேசிக்கொள்வோம் என்பதை இங்கே சொல்ல மாட்டேன். நடுவர் ஆண்! (பலத்த சிரிப்பு)

“நீங்கள் வைப்பீர்களா?” என்றல்லவா கேட்டார் எதிரணித் தலைவர். நான் பெற்றபோது அந்தத் தைரியம் என் மாமியாருக்கு இல்லை. (சிரிப்பு) இப்போது என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. போன வாரம் கேட்டுப் பார்த்தேன். “முதல்ல கல்யாணம் ஆகட்டும்மா, யோசிக்கிறேன்” என்றாள். முடியாது என்று சொல்லவில்லை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார்.