காட்டுப் பூவும் தோட்டப் பூவும்

(ஊராட்சி உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விதைப் பண்ணை நடத்துவோர் ஒரு விதியை நன்கு அறிவர். வீரிய மக்காச்சோள விதை விளையும் வயலுக்கும் வேறு ரக மக்காச்சோள வயலுக்கும் இடையே குறைந்தது 200 மீட்டர் இடைவெளி விடவேண்டும். இல்லையேல் அயல் மகரந்தம் காற்றில் வந்து சேரும். விதையின் தூய்மை கெடும். வயலில் நாம் பேணும் இந்த ஒழுங்கைக் காட்டுப் பூச்செடிகளின் பொருட்டுப் பேணுவதில்லை. அதனால் நேரும் கேட்டையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

உண்ணிச்செடியை அறியாதார் நம்மில் இல்லை. அமெரிக்க வெப்பப் பகுதிக்குரிய இச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. இன்று மேய்ச்சல் நிலத்தையும் காட்டையும் அது அடைத்துக்கொண்டுள்ளது. அதைத் தின்னும் கால்நடைகள் நோயுறுகின்றன. அயல் தாவரங்களை அகற்றுவதற்கென 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வகுத்தது.

இங்கு இடத்தைப் பறித்த அச்செடி, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வேறொரு கேட்டையும் விளைத்தது. அங்குள்ள சுண்ணாம்புப் பாறை நிலத்தில், தரையோடு தாழ்ந்து வளரும் மஞ்சள் பூ உண்ணி ஒன்று உண்டு. உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. வீட்டுத் தோட்டங்களில் வைத்த உண்ணி வெளியே பரவி அதன் அருகே பூத்தது. மகரந்தம் கலந்தது, கலப்புச் செடிகள் பெருகின. நாற்றுப் பண்ணைகளில் சுதேசிச் செடியின் பெயரால் விற்கப்பட்டவற்றிலும் பல கலப்பினமே. அந்த மஞ்சள் உண்ணி இன்று அம்மாநிலத்தின் அழியும் நிலைத் தாவரப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

வெட்டிய மரத்திற்கு ஈடாக அதன் விதையிலிருந்து மற்றொன்றை வளர்க்கலாம். விதையே கலந்துவிட்டால் பழைய இனத்தை எங்கிருந்து மீட்பது?

மேனாட்டுப் பூக்கள் யாவும் பகை என்று நாம் கூறவில்லை. தூர உறவுடைய செடிகள் கலப்பதில்லை. நெருங்கிய இனங்களிடையேதான் கலப்பு நேரும். ஆகவே நாம் செய்யவேண்டியவை சிலவே. ஏரிக்கரை, ஓடை, புறம்போக்கு, காட்டோரம் ஆகிய இடங்களில் தோட்ட ரகங்களை நடலாகாது. அங்கே ஆவாரை போன்ற நம் செடிகளை, நம் வட்டாரத்திலேயே திரட்டிய விதையைக்கொண்டு வளர்த்தல் வேண்டும். தோட்டத்தில் கழித்த கிளைகளையும் கிழங்குகளையும் ஓடையில் எறியாமல், உலர்த்தி அழித்தல் வேண்டும். புதிய பூச்செடி வாங்குமுன் அதன் உறவினம் நம் காட்டில் உண்டா என வேளாண்மை அலுவலரையோ வனத்துறையினரையோ கேட்டறிதல் நலம்.

இவற்றிற்குப் பெருஞ்செலவில்லை, ஊராட்சியின் ஒரு தீர்மானமும் ஊராரின் ஒத்துழைப்புமே போதும். நம் முன்னோர் விட்டுச்சென்ற பூக்களைக் கலப்பின்றி நம் மக்களுக்கு ஒப்படைப்போமாக!