வெளிநாட்டில் தனியே... கைப்பை காணாமற்போனால்?



தனியே வெளிநாடு செல்லும் மலேசியப் பெண்கள் இப்போது பெருகிவிட்டார்கள். மலிவு விலை விமானச் சீட்டும் முதுகுப்பையும் இருந்தால் கிளம்பிவிடுகிறார்கள். மகிழ வேண்டிய மாற்றம்தான். "பொம்பளப் பிள்ளை தனியா எதுக்குப் போகணும்?" என்று கேட்கும் உறவினர்களுக்குப் பதில் சொல்வது இந்தப் பேச்சின் வேலை அல்ல. ஆனால் கைப்பை பறிபோன நிமிடத்தில் அந்தக் கேள்விதான் முதலில் காதில் ஒலிக்கிறது. திட்டு விழுமே என்று பயந்து பலர் வீட்டுக்குச் சொல்வதே இல்லை. சிக்கல் அங்கேதான் இரட்டிப்பாகிறது.

ஈப்போவைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் ஸ்பெயினின் பார்சலோனாவுக்குப் போயிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை. லா ராம்ப்லா வீதியில் கூட்டம். யாரோ ஒருவர் "உங்கள் சட்டையில் பறவை எச்சம்" என்று காட்டி, காகிதக் கைக்குட்டையால் துடைக்க உதவுகிறார். அவர் போன பிறகு பார்த்தால் பை இல்லை. கடப்பிதழ், கைப்பேசி, வங்கி அட்டை, 300 யூரோ, எல்லாம் அதற்குள்ளேதான் இருந்தன.

ஏமாந்துவிட்டோமே என்று அவர் குன்றிப்போகத் தேவையில்லை. இது அங்கே பலரின் அன்றாடத் தொழில். பாரிஸ் நகரில் 2013 ஏப்ரலில் லூவ்ர் அருங்காட்சியக ஊழியர்களே ஜேப்படித் திருடர்களின் அட்டகாசம் பொறுக்காமல் வேலைநிறுத்தம் செய்ய, அருங்காட்சியகம் ஒரு நாள் மூடிக்கிடந்தது. 2015 மே மாதம் ஈஃபல் கோபுரத்திலும் அதே கதை. நாள் முழுதும் அங்கேயே நிற்கும் ஊழியர்களே சமாளிக்க முடியாத கூட்டத்திடம், நேற்று வந்திறங்கிய ஒருவர் ஏமாறுவதில் என்ன வியப்பு?

சரி, அடுத்து என்ன? திருடனைத் துரத்தக் கூடாது. பை அந்நேரம் மூன்று கை மாறியிருக்கும். அருகிலுள்ள குப்பைத் தொட்டிகளையும் கடைகளையும் ஒருமுறை பார்க்கலாம். பணத்தை எடுத்துக்கொண்டு கடப்பிதழை வீசிவிடுவதும் உண்டு. பத்து நிமிடத்துக்கு மேல் அதில் செலவிட வேண்டாம். காயம் பட்டிருந்தாலோ மிரட்டல் இருந்தாலோ 112. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்திலும் அவசர எண் அதுதான்.

முதல் வேலை அட்டையை முடக்குவது. வங்கியின் எண் அட்டையின் பின்புறம் அச்சடித்திருக்கிறது, அட்டையோ திருடனிடம்! ஆகவே அந்த எண்ணைத் தாளில் எழுதி, தங்கும் அறையில் உள்ள பெட்டியில் வைத்திருக்க வேண்டும். தாளா, இந்தக் காலத்திலா என்று இளையோர் சிரிப்பார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. இணைய மோசடிகளைத் தடுக்க 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா அறிவித்த நடவடிக்கைகளில் ஒன்று, வங்கிப் பரிவர்த்தனையை உறுதிசெய்ய ஒருவருக்கு ஒரே ஒரு கைப்பேசி என்பது. புதிய கைப்பேசியைப் பதிந்தால் சில மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும். நல்ல பாதுகாப்புதான். ஆனால் அந்த ஒரே கைப்பேசி பார்சலோனாவில் தொலைந்தால், திருடனோடு சேர்ந்து ஆசிரியையும் தம் பணத்துக்கு வெளியே நிற்கிறார். கையில் இன்னொரு கைப்பேசி கிடைத்தாலும், உறுதிக் குறியீட்டுக் குறுஞ்செய்தி வருவது பழைய சிம் அட்டைக்கு. எனவே வேறொரு வங்கியின் அட்டை ஒன்றும் இருநூறு யூரோ ரொக்கமும் பெட்டியில் தனியே இருப்பது அவசியம்.

அடுத்தது போலீஸ் புகார். லா ராம்ப்லாவுக்குப் பக்கத்திலேயே, நோ டெ லா ராம்ப்லா தெருவில் கத்தலோனியப் போலீசாரின் நிலையம் உண்டு. புகாருக்கு அங்கே 'தெனுன்சியா' என்று பெயர். அதைக் கொடுத்தால் பை திரும்பி வரும் என்று நம்ப வேண்டாம். ஸ்பெயின் சட்டப்படி 400 யூரோவுக்குட்பட்ட திருட்டு சிறு குற்றமே. புகாரின் பயன் வேறு. பெரும்பாலான பயணக் காப்புறுதிகள் 24 மணி நேரத்துக்குள் தந்த புகாரைக் கேட்கின்றன. தூதரகமும் அதைத்தான் கேட்கும். கடப்பிதழ் இல்லாத நாள்களில் கையில் இருக்கும் ஒரே அத்தாட்சியும் அந்தத் தாளே.

இனி வீடு. விடுதி வரவேற்பாளரின் கைப்பேசியை இரவல் வாங்கி அம்மாவை அழைக்கிறார். மலேசியாவில் விடியற்காலை. தெரியாத வெளிநாட்டு எண். "அம்மா, பை போயிடுச்சு, பணம் அனுப்புங்க" என்று அழுகைக் குரல். எதிர்முனையில் தொலைபேசி வைக்கப்படுகிறது! அம்மாவைக் குறை சொல்ல முடியாது. இதே கதையைச் சொல்லிப் பணம் பறிக்கும் மோசடிக் கும்பல்கள் இருக்கின்றனவே. வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லைக் கிளம்பும் முன்பே பேசி வைத்திருந்தால் இந்த நிலை வராது. பாட்டி வளர்த்த பூனையின் பெயர்கூடப் போதும். அந்தச் சொல் வந்தால் பேச்சை நீட்டாமல் உதவ வேண்டும். "அப்பவே சொன்னேனே" என்பதை அவர் வீடு திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பணம் அனுப்புவதிலும் ஒரு முடிச்சு. பண அனுப்பு நிறுவனத்தில் ரொக்கம் பெற அடையாள ஆவணம் கேட்பார்கள், கடப்பிதழ்தான் இல்லையே. விடுதிக் கட்டணத்தை அண்ணனோ தோழியோ இங்கிருந்தே அட்டையில் நேராகச் செலுத்திவிடுவது சுலபம்.

மலேசியத் தூதரகம் இருப்பது மட்ரிட்டில், சுமார் 600 கிலோமீட்டர் தொலைவில். சனி, ஞாயிறு விடுமுறை. அந்த இரண்டு இரவுகள்தாம் கடினம். கதவைப் பத்து முறை சரிபார்க்கத் தோன்றும். தெருவில் உரசிப் போகிறவரெல்லாம் திருடராகத் தெரிவார்கள். தனி அறையில் அடைந்து கிடப்பதைவிட, விடுதியின் பொது அறையில் நாலு பேரோடு உட்கார்ந்து சூடாக ஏதாவது சாப்பிடுவது நல்லது. தினமும் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் பேச வேண்டும்.

திங்களன்று அதிவேக ரயிலில் மட்ரிட்டுக்கு மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். புகார், கடப்பிதழ் நகல், அடையாள அட்டை நகல், புகைப்படங்கள் ஆகியவற்றோடு போனால், 'சிஜில் பெராக்குவான் செமாஸ்' எனும் அவசரச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அது தாயகம் திரும்ப மட்டுமே. அடுத்து லிஸ்பன் போகும் திட்டம் இருந்தால் கைவிட வேண்டியதுதான்.

ஒன்று கவனிக்க வேண்டும். காணாமற்போன கடப்பிதழ்களுக்கென இன்டர்போல் 2002 முதல் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. புகார் பதிவான பின், துப்புரவுத் தொழிலாளி ஒருவர் பழைய கடப்பிதழைக் கண்டெடுத்து விடுதியில் கொண்டுவந்து கொடுத்தாலும், ஆசையாக அதை எடுத்துக்கொண்டு விமான நிலையம் போய்விடக் கூடாது. குடிநுழைவு முகப்பிலேயே நிறுத்தி வைப்பார்கள். அதைத் தூதரகத்திடம் ஒப்படைத்துவிட்டு, அவசரச் சான்றிதழோடுதான் விமானம் ஏற வேண்டும்.